முதல் தரக் கிணறு

உர வாரியத்தின் லாரி முதன்முதலாக மேட்டு நிலத்துக்கு ஏறி வந்த அன்று அதன் மூக்கில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் தங்கள் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். ரிப்பனை வெட்டிய அதிகாரி மட்டும் மூக்கைத் திறந்தே வைத்திருந்தார். பதவிக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஜலதோஷம்.

"நகரத்துக்கு நீங்க காய்கறி அனுப்பினீங்க, தானியம் அனுப்பினீங்க," என்று அவர் மைக்கில் பேசினார். "நன்றி மறக்காத நகரம் இன்னைக்கு எல்லாத்தையும் திருப்பி அனுப்புது. கொஞ்சம் வடிவம் மாறியிருக்கு, அவ்வளவுதான்."

லாரி பின்பக்கத்தைத் தூக்கியது. நகரத்துச் சாக்கடையின் அடியில் தங்கிய கசடு கறுப்பாக, பளபளவென்று, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கியது. வாரியம் அதற்கு 'மண்ணமுது' என்று பெயர் வைத்திருந்தது. கைதட்ட வேண்டுமானால் மூக்கிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்பதால் கைதட்டல் கொஞ்சம் மெலிவாகத்தான் இருந்தது.

கூட்டத்தின் கடைசியில் பாத்திரக்கடைக்காரர் நின்றிருந்தார். மேட்டு நிலத்துக்கு நேர் கீழே, சரிவு முடிகிற இடத்தில் அவர் வீடு; வீட்டுக்குப் பின்னால் கிணறு. கடைத்தெருவில் பிறந்து, தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்த மனிதர். எந்தப் பாத்திரத்தையும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொடுப்பார். விரிசல் இருந்தால் பாத்திரமே சொல்லிவிடும். மனிதர்கள் பேச்சையும் அப்படித்தான் கேட்பது வழக்கம். ஆனால் அன்றைய பேச்சில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சத்தம் கணீரென்று இருந்தது. உள்ளே சரக்கு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சர்க்கார் உலோகம் அவருக்குப் பழக்கமில்லை.

மழை வந்தது. அந்தச் சரிவு முழுக்க மணல் கலந்த மண். எதையும் பிடித்து வைக்கத் தெரியாத மண். மழைத் தண்ணீர் மண்ணமுதைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. வழியில் மாட்டுப் பண்ணைக்காரர் வேலியோரம் குன்று மாதிரி குவித்திருந்த சாணியையும் துணைக்கு அழைத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து பாத்திரக்கடைக்காரரின் கிணற்றுச் சுவரில் இருந்த விரிசல் வழியாக, விலாசம் கேட்காமலே வந்து சேர்ந்தன.

விஷயம் முதலில் தெரிந்தது தவளைக்கு. பல வருஷமாகக் கிணற்றுக்குள் குடித்தனம் நடத்திய அது, ஒரு காலையில் மேலே ஏறி வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டது. மனைவி விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தாள். இரண்டு குதி குதித்து மறுபடியும் கல்லுக்கே வந்தது.

"தவளையே வேண்டாங்குது, நாம குடிச்சுக்கிட்டு இருக்கோம்," என்றவள் ஒரு வாளி இறைத்து முகர்ந்து பார்த்தாள். "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. இது என்ன வாசனைன்னு சொல்லுங்க."

அவர் குனிந்து முகர்ந்தார். "ரிப்பன் வெட்டின வாசனை."

சிரிக்கிற நேரமில்லை அது. நகரத்தில் மகளுக்கு நிறைமாதம். மருமகனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலிலேயே போய்விடும். குழந்தை பிறந்ததும் மகள் இங்கே வந்து தங்குவதாக ஏற்பாடு. தொட்டிலுக்குக் கொக்கிகூட அடித்தாகிவிட்டது. குழந்தை பிறந்தது, பெண். தாய்ப்பால் போதவில்லை. புட்டிப்பால் கொடுக்கச் சொன்ன டாக்டரம்மா, ஊருக்குப் போனால் எந்தத் தண்ணீரில் கலப்பீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். கிணற்றையும் மேலே இருக்கிற குவியலையும் பற்றிச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தத் தண்ணி கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. அதுல இருக்கற நைட்ரேட் ரத்தத்துல சேர்ந்தா குழந்தை நீலம் பாரிச்சிடும்."

"காய்ச்சிக் கொடுத்தா?" என்று கேட்டாள் மனைவி.

"கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணி வத்த வத்த அது இன்னும் கெட்டிப்படும்."

மனைவி அன்றைக்கே பெட்டி கட்டினாள். "நான் பொண்ணுகூட இருக்கப் போறேன். கிணறு சரியாச்சுன்னா சொல்லி அனுப்புங்க, மூணு பேரா வரோம். ஆகலைன்னா நீங்களும் தவளையும் குடித்தனம் பண்ணுங்க. சமைக்கத் தெரியாது உங்களுக்கு. அதுக்கும் தெரியாது. ஒத்துப்போகும்."

பாத்திரக்கடைக்காரர் கடையிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்து, தானே பொங்கி, தானே அதைக் குறை சொல்லிச் சாப்பிட்டார். பேத்தியை போனில் பார்த்தார். அவள் கொட்டாவி விட்டால் இவரும் விட்டார். காலியாக நின்ற தொட்டில் கொக்கியில் சட்டையை மாட்டிப் பார்த்தார். மனசு கேட்காமல் எடுத்துவிட்டார். பிறகு ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நீர்த்துறைக்குக் கிளம்பினார்.

கிணறுகளைக் காப்பதற்கென்றே இருக்கிறது நீர்த்துறை. உர வாரியமும் அதுவும் ஒரே அறையில் இருந்தன. ஜன்னலோரம் நீர்த்துறை மேசை, மின்விசிறிக்குக் கீழே உர வாரிய மேசை. முன்பு இருந்த நீர்த்துறை அதிகாரி ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து, ரிப்பன் வெட்டியவரே இரண்டையும் பார்த்துக்கொண்டார். மதியம் வரை ஜன்னலோரம். சாப்பிட்ட பிறகு மின்விசிறிக்குக் கீழே. இரண்டு மேசைக்கும் நடுவே கோப்பு தூக்க ஒரு உதவியாளர் இருந்தார். எந்த வேலைக்கும் அவசரப்படாதவர் என்பதால் எல்லாரும் அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

காலை நேரம். அதிகாரி ஜன்னலோரம் இருந்தார். செம்பைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"செம்புல வந்தா செல்லாது. துறையோட பாட்டில்லதான் மாதிரி எடுக்கணும்."

அவசரம் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். அதன் அடியில் பழுப்பாக ஒரு வளையம் காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் பாதி கிழிந்த ஒட்டுத்தாள்: 'மண்ணமுது, விருந்தினர் மாதிரி.' பாத்திரக்கடைக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படி ஒரு சரக்கை அவர் கடையில் எடுத்து நீட்டினால் வாங்க வந்தவர் அதை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பார்.

"சார், அடியில ஏதோ ஒட்டியிருக்கு."

"இருக்கும். போன வருஷம் பெரிய மனுஷங்க பார்வையிட வந்தாங்க. வாரியத்துல பாட்டில் பத்தலை. நீர்த்துறை பெருந்தன்மையா கொடுத்து உதவுச்சு. இருக்கறதுலயே உசத்தி சரக்கா பார்த்து அதுல போட்டு மேசைமேல அடுக்கினோம்."

"கழுவிக்கட்டுங்களா?"

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "துறைப் பாட்டிலை வெளியாள் கழுவறது குத்தம். உள்ளாள் கழுவணும்னா சுத்தமான தண்ணி வேணும். அது சுத்தமான தண்ணின்னு துறை சான்று கொடுக்கணும். சான்று கொடுக்கணும்னா முதல்ல பாட்டில்ல மாதிரி எடுக்கணும். புரியுதுங்களா?"

புரியவில்லை. ஊற்றினார். அவசரம் ஒட்டுத்தாளைப் படித்தார், பாட்டிலை எடுத்தார், மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"அது இருக்கட்டும் சார். முதல்ல அந்த லாரியை நிறுத்தச் சொல்லுங்க. பேத்தி வீட்டுக்கு வரணும்."

"நீர்த்துறை யாரையும் நிறுத்த முடியாது. உர வாரியத்தைக் கேட்டுக்கலாம். ஆனா அங்க இருக்கறவர் கொஞ்சம் முரட்டு ஆள்."

"யாரு சார்?"

அதிகாரி காலி நாற்காலியை மோவாயால் காட்டினார். "நேர்மையானவர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி விஷயம்னா காதுலயே போட்டுக்கறதில்லை."

"அது நீங்கதானே சார்?"

"மதியத்துக்கு மேல," என்றார் அதிகாரி.

மதியத்துக்கு மேல் வரை பாத்திரக்கடைக்காரர் மரப்பெஞ்சில் காத்திருந்தார். அதிகாரி சாப்பிட்டு, கை கழுவி, மின்விசிறிக்குக் கீழே வந்து அமர்ந்து, அவரை முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தார்.

"யார் நீங்க? என்ன விஷயம்?"

எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்.

"நீர்த்துறைகிட்ட சொன்னீங்களா?"

"காலையில சொன்னேன் சார்."

"யார்கிட்ட?"

பாத்திரக்கடைக்காரர் சற்றுத் தயங்கினார். "உங்ககிட்ட."

"அவர் என்ன சொன்னார்?"

"நீங்க முரட்டு ஆள்னு சொன்னார்."

அதிகாரியின் முகம் கறுத்தது. ஜன்னலோர நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். "என்னைப் பத்தி அவர் இப்படிப் பேசறது முதல் தடவை இல்லை. சரி, போகட்டும். இனிமே அவர்கிட்டேருந்து எது வந்தாலும் நான் தொடப்போறதில்லை."

அன்று முதல் இரண்டு மேசைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதிகாரி காலையில் மின்விசிறிப் பக்கம் திரும்புவதில்லை, மாலையில் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பாத்திரக்கடைக்காரர் விடவில்லை. வாராவாரம் ஜன்னலோர மேசைக்குப் போனார். வாராவாரம் ஒரு யோசனை கிடைத்தது. கிணற்றைக் கொஞ்சம் மேட்டுப் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்ள முடியாதா என்று ஒரு வாரம். மழையைத் தவிர்க்கப் பார்த்தீர்களா என்று ஒரு வாரம். குழந்தை கொஞ்சம் பெரியதாகி வரட்டுமே, என்ன அவசரம் என்று இன்னொரு வாரம். உதவியாளர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வந்தார்.

பிறகு ஒரு நாள் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அதிகாரி இறங்கினார், அவசரம் ஒரு பெரிய பலகையோடு இறங்கினார். பின்னாலேயே ஊர் இறங்கியது. மாட்டுப் பண்ணைக்காரர் பல் குத்திக்கொண்டே முன்வரிசையில் வந்து நின்றார்.

"வாழ்த்துக்கள்," என்று அதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மாதிரி பாஸாயிடுச்சு."

"தண்ணி நல்லாயிடுச்சா சார்?"

"தண்ணியா? நான் உர வாரியத்துலேருந்து வரேன். மணி ரெண்டாச்சு பார்க்கலையா? எங்க மேசைக்கு வந்த சரக்கை எங்க ஆய்வுக்கூடத்துல சோதிச்சோம். இந்த வட்டாரத்துலயே இப்படி ஒரு திரவ உரம் கிடைச்சதில்லை. முதல் தரம்."

பலகையைக் கிணற்றுச் சுவரில் அடித்தார்கள். 'திரவ உர ஊற்று. முதல் தரம். வாரியத்தின் பாதுகாப்பில் உள்ளது. குடிக்கக் கூடாது.' பாத்திரக்கடைக்காரர் கையில் ஒரு வெற்றிக் கோப்பையைத் திணித்தார்கள். அவர் பழக்க தோஷத்தில் அதை முட்டியால் தட்டினார். தகரம், மேலே முலாம். தவளை துவைக்கிற கல்லிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி மைக்கைக் கையில் வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"சில பேர் கேக்கறாங்க, வாரியம் மக்களுக்கு என்ன செஞ்சுதுன்னு. தண்ணிக்காக ஓடி வர்ற ஆட்களை நான் பார்த்திருக்கேன். தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும், அது ஒரு நிலையில்லாத பொருள். உரம் அப்படியில்லை. எங்க போட்டாலும் போட்ட இடத்துல தன் அடையாளத்தை விட்டுட்டுத்தான் போகும். இந்த ஊற்றோட தூய்மையை வாரியம் கண்ணு மாதிரி காப்பாத்தும். ஒரு முதல் தர உரத்துல மட்ட ரக உரத்தைக் கலக்கறது எவ்வளவு பெரிய பாவம்னு எங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்படி ஒரு துளி கலந்துச்சுன்னு தெரிஞ்சா, கலந்தவன் யாரா இருந்தாலும் அன்னைக்கே நிறுத்திட்டுத்தான் மறுவேலை."

பாத்திரக்கடைக்காரரின் காது சட்டென்று விறைத்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தப் பேச்சிலிருந்து வெண்கலச் சத்தம் வந்தது.

"சார், ஒரு சந்தேகம்," என்றார் பணிவாக. "லாரியில வர்ற மண்ணமுது என்ன தரம்?"

"அதுவா, மூணாம் தரம். மொத்த விநியோகம்தானே."

"மழை பேஞ்சா அது கரைஞ்சு, சரிவுல இறங்கி, நம்ம முதல் தரத்துல கலக்குதே சார்."

அதிகாரியின் கையிலிருந்த மைக் மெல்லக் கீழே இறங்கியது. "கலக்குதா?"

"சுவர்ல விரிசல் இருக்கு பாருங்க, அது வழியா. இவர் பண்ணைச் சாணியும் சேர்ந்து வருது."

"சாணியா?" அதிகாரி மாட்டுப் பண்ணைக்காரர் பக்கம் திரும்பினார். "தரம் பிரிக்காத சாணியா?"

பல் குத்துவது நின்றது. "எங்க மாடுங்க தரம் பார்த்துப் போடறதில்லைங்க," என்றார் பண்ணைக்காரர்.

"எப்பலேர்ந்து நடக்குது இந்தக் கலப்படம்?"

"ரிப்பன் வெட்டின மழையிலேர்ந்து."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"வாராவாரம் வந்து சொன்னேனே சார், தண்ணில உரம் கலக்குதுன்னு."

"அதேதான் நானும் சொல்றேன்," என்றார் அதிகாரி, ஏமாற்றப்பட்டவரின் வருத்தத்தோடு. "தண்ணில கலக்குதுன்னுதானே சொன்னீங்க. உரத்துல கலக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் இன்றைக்கும் வாயைப் பிளந்துகொண்டுதான் சொல்லும். மறுநாளே லாரி நின்றது. மேட்டு நிலத்தில் கொட்டியதைச் சுரண்டி அள்ளி எங்கோ தூரத்துச் சமவெளிக்குக் கொண்டுபோனார்கள். சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். கிணற்று விரிசலை அடைத்துச் சிமெண்ட் பூசினார்கள், கைப்பிடிச் சுவரை இடுப்பு உயரத்துக்கு எழுப்பினார்கள், மேலே மூடி போட்டார்கள். மாட்டுப் பண்ணைச் சாணிக்குச் சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் கிடைத்தன. "என் வீடு இன்னும் ஒழுகுது," என்று பண்ணைக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு கிணற்றைச் சுத்தமாக வைத்திருக்க என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அத்தனையும், உரத்தின் கற்பைக் காப்பாற்றுவதற்காகச் செய்து முடித்தார்கள்.

அதோடும் விடவில்லை. முதல் தர உரத்தைத் தோட்டங்களுக்கு விநியோகிக்க வேண்டாமா? மோட்டார் வைத்து, கிணற்றைத் தரை தெரிய இறைத்து, டாங்கரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊறியது, மறுபடி இறைத்தார்கள். மழைக்காலம் போய் இன்னொரு மழையும் வந்தது. இறைக்க இறைக்கத் தண்ணீர் வெளுத்தது. வாசனை போனது. ஒரு காலையில் துவைக்கிற கல் காலியாக இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பழைய குரல் கேட்டது.

பாத்திரக்கடைக்காரர் தவளையை மட்டும் நம்பி இறங்கிவிடுகிற ஆள் இல்லை. டாக்டரம்மா சொன்ன தனியார் சோதனைக்கூடத்துக்குப் போனார். அங்கே பாட்டிலை அவர் கண்ணெதிரிலேயே பிரித்துப் புதிதாகக் கொடுத்தார்கள். அதிலேயே அவருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதியும் வந்தது: குழந்தைக்குக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

மூன்று பேரும் வந்தார்கள். மனைவி வந்ததும் வராததுமாக அடுப்படியைப் பார்த்தாள். "தவளை தேவலாம்," என்றாள். மகள் கிணற்றடிக்குப் போய்ப் பலகையைப் படித்துவிட்டு, "அப்பா, என்னப்பா இது?" என்றாள். "அது ஒரு பெரிய கதைம்மா, முதல்ல பால் கலக்கு," என்றார் அவர். பேத்தி புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாத்தாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே குடித்தாள். முகத்தில் நீலம் இல்லை. கோபம்தான் இருந்தது, புட்டி தீர்ந்துவிட்டதே என்று.

அந்தச் சந்தோஷத்தில் தொட்டில் புடவை கசங்குவதற்குள் ஜீப் மறுபடி வந்தது. நல்ல வெயில். அதிகாரி வியர்த்து வழிந்துகொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க."

மகள் ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கேட்டார், அதையும் குடித்தார். "அருமையா இருக்கே. எங்க வாங்கறீங்க?"

"இங்கதான் சார், பக்கத்துலயே."

அதிகாரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு முகத்தைக் கடுமையாக்கினார். "உங்க மேல ஒரு புகார். தோட்டக்காரங்க சொல்றாங்க, உங்க சரக்கை ஊத்தினா செடி வெறும் தண்ணி ஊத்தின மாதிரியே இருக்காம். உண்மையைச் சொல்லிடுங்க. உரத்துல தண்ணி கலக்கறீங்களா?"

சமையல்கட்டில் மனைவியின் கரண்டி நின்றது.

"நிரூபணமாச்சுன்னா முதல் தரம் போயிடும்," என்றார் அதிகாரி. "தரம் போனா பாதுகாப்பு போயிடும். மேட்டு நிலம் சும்மாதானே கிடக்குது? லாரி கீழ் ரோட்டுல நிக்குது. டிரைவர் இஞ்சினைக்கூட அணைக்கலை."

உண்மைதான். ஜன்னல் வழியே உறுமல் கேட்டது. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தி சப்புக் கொட்டினாள். பாத்திரக்கடைக்காரர் அவளைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பதுதான் அதில் பாதி.

"சோதிச்சுப் பார்த்துடுங்க சார். எனக்கென்ன பயம்? வீட்டுல புதுசா, சுத்தமா ஒரு கண்ணாடி ஜாடி இருக்கு, அதுலயே எடுத்துக்கலாமா?"

"அதெப்படி? துறைப் பாட்டில்லதான் எடுக்கணும். வேற எதுவும் செல்லாது."

"அடடா. விதின்னா விதிதான்."

அவசரம் ஜீப்பிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்தார். அதே அலமாரி, அதே வரிசை. அடியில் பழுப்பு வளையம், முன்னைவிடக் கொஞ்சம் தடிமனாக. பாத்திரக்கடைக்காரர் அதை வாங்கி, முட்டியால் அன்போடு ஒரு தட்டு தட்டினார்.

"கழுவிக்கட்டுங்களா சார்?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"வெளியாள் கழுவறது குத்தம்."

"தெரியும் சார். மனசு கேக்கலை."

கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை, கண்ணாடி மாதிரி இருந்ததை, அதிகாரி கண்ணெதிரில் பாட்டிலில் ஊற்றினார். வளையம் மெதுவாகக் கரைந்து மேலே எழும்பியது. அதிகாரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல நிறம். சும்மா வாயில வந்ததைப் பேசறாங்க ஜனங்க."

கீழ் ரோட்டில் இஞ்சின் அணைந்தது. சில நாளில் முடிவு வந்தது: முதல் தரத்துக்கும் மேலே, சிறப்புத் தரம். பலகையிலும் அப்படியே மாற்றி எழுதினார்கள். விஷயம் தெரிந்து அக்கம்பக்கத்தார் எல்லாரும் உர வாரிய மேசைக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். எங்கள் கிணற்றையும் உரமென்று எழுதிக் கொடுங்கள், எங்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று. ஜன்னலோர மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அதிகாரி, மின்விசிறிப் பக்கத்துக் கூட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஜனங்களுக்குத் தண்ணீரில் அக்கறையே இல்லாமல் போய்விட்டது என்று அவசரத்திடம் வருத்தப்பட்டாராம்.

மருமகன் கப்பலிலிருந்து இறங்கி வருகிற செய்தி வந்தபோது, மனைவி கிணற்றடியில் நின்று பலகையை முறைத்தாள்.

"ஏங்க, முதல்ல இதைக் கழட்டி எறிங்க. மாப்பிள்ளை வந்து இதைப் படிச்சா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாரு? உர ஊற்று, குடிக்கக் கூடாது, சிறப்புத் தரம். மானம் போகுது."

பாத்திரக்கடைக்காரர் பேத்தியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். பலகையின் ஒரு ஆணி லேசாக ஆடியது. அதைச் சுத்தியலால் இன்னும் இரண்டு அடி இறக்கினார்.

"அது அங்கேயே இருக்கட்டும்டி. இது மட்டும் விழுந்துச்சுன்னா, நம்ம கிணத்துல இருக்கறது தண்ணின்னு சர்க்காருக்குத் தெரிஞ்சுபோயிடும்."